சாவி போட்டதும் செவப்பு லைட்டு எரியணுமுங்க

மஞ்சள் வெட்டுக்கு ஆள் பேசற கதையை இந்த வாரம் எழுதறதா சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரத்துக்கு நிக்கட்டும். பொங்கல் நோம்பிக்கு நடந்த ஒரு சங்கதி மனசுல கெடந்து உறுத்திட்டே இருக்குது. அதை மொதல்ல எழுதிடறேன். பழைய கார் மேல ஆசை வச்சிருக்கிற டவுன்காரங்க இதைக் கட்டாயம் படிக்கோணும்.

எங்கப்பா 1977-ல செகண்ட் ஹேண்டா ஒரு வெள்ளை அம்பாசடர் வாங்கினார். எங்க வீட்டுக் கல்யாணம், பிரசவம், எழவு எல்லாத்துக்கும் அந்த வண்டிதான் ஓடுச்சு. அப்பா போனதுக்கப்புறம் களத்து வேப்பமரத்தடியில கோழி முட்டை வைக்கிற கூண்டாத்தான் நின்னுட்டு இருந்தது. மூணு வருசம் முன்னாடி எங்கக்கா பையன், கோயமுத்தூர்ல வேலை பாக்கறவன், "அப்புச்சி வண்டியை நான் எடுத்துட்டுப் போய் ரெடி பண்றேனுங்க மாமா"ன்னான். எனக்கு சந்தோசம். அம்பாசடர் செய்யறதை 2014-லயே நிறுத்திட்டாங்க. இருக்கிறதை வச்சுக் காப்பாத்தினாத்தான் உண்டு.

மாப்ள நல்லாத்தான் பண்ணினான். பெயிண்ட், குரோம், சீட்டு, தரை விரிப்பு எல்லாம் புதுசு. பழைய டைனமோவைக் கழட்டிட்டு ஆல்டர்னேட்டர் போட்டுட்டான். அதுவும் நல்ல முடிவுதான். டைனமோ சும்மா ஐட்லிங்ல ஓடும்போது சார்ஜ் பண்ணாது. ஆல்டர்னேட்டர் அப்பவும் பண்ணும். பழைய டைனமோ அதிகபட்சம் 20 ஆம்ப் சொச்சம் குடுக்கும். ஆல்டர்னேட்டர் 45, 65-ன்னு குடுக்கும். பொங்கலுக்கு முந்தின நாள் வண்டி ஊருக்குள்ள வந்தப்ப எங்கம்மா வாசல்ல நின்னு அழுதாங்க. அப்பாவே வந்து எறங்கின மாதிரி இருந்ததாம்.

மூணாம் நாள், எங்கம்மாவையும் அவன் ரெண்டு பசங்களையும் கூட்டிட்டு பவானி கூடுதுறைக்குப் போனான். திரும்பி வரும்போது இருட்டிப் போச்சு. கவுந்தப்பாடி தாண்டினதும் ஹெட்லைட் மஞ்சளாப் போயிருக்குது. அப்புறம் செவப்பா. ஹாரன் அடிச்சா கம்முனு ஒரு முனகல். ஒரு வளைவுல எஞ்சின் இருமிட்டு நின்னுடுச்சு. லைட் இல்லை, பார்க்கிங் லைட் இல்லை, பின்னாடி ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. கரும்பு சீசன் பாருங்க, டிராக்டரும் லாரியும் லோடு ஏத்திட்டுப் போற ரோடு அது. பின்னாடி வந்த லாரிக்காரர் கடைசி நேரத்துல பார்த்து பிரேக் போட்டு ஓரமா ஒடிச்சிருக்கார். எறங்கி வந்து அவன் திட்டின திட்டை மாப்ள எங்கிட்ட முழுசாச் சொல்லலை. எங்கம்மாவுக்கு எண்பது வயசு. வீட்டுக்கு வந்ததும் ஒரு சொல்லு பேசாம, சோறும் திங்காம போய்ப் படுத்துட்டாங்க.

நான் தம்பி பிக்கப்பில டிராக்டர் பேட்டரியைத் தூக்கிட்டுப் போய் மாட்டித்தான் வண்டியை வீட்டுக்குக் கொண்டாந்தோம். அவன் பேட்டரியை மீட்டர்ல பார்த்தா 10 வோல்ட் கூட இல்லை. கணக்கு சின்னதுதான். ஹெட்லைட், டெயில் லைட், இக்னீசன் காயில் எல்லாம் சேர்ந்து சுமார் 15 ஆம்ப் இழுக்கும். 60 ஆம்ப்-அவர் பேட்டரி பாதி சார்ஜ்ல இருந்தா ராத்திரியில ரெண்டு மணி நேரம். அவ்வளவுதான். ஆல்டர்னேட்டர் மூணு நாளா ஒரு சொட்டுக் கரண்ட் குடுக்கலை.

ஆல்டர்னேட்டர் கெட்டுப் போகலைங்க. நோம்பிக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி மாப்ள டேஷ்போர்டு பல்பை எல்லாம் எல்இடியா மாத்தியிருக்கான். அதுதான் காரணம்.

டேஷ்போர்டு பல்புக்கும் சார்ஜ் ஆகறதுக்கும் என்ன சம்பந்தம்னு கேக்கறீங்களா? அதைச் சொல்லத்தான் இவ்வளவு எழுதறேன்.

கிணத்து மேட்டுல இருக்கிற மோட்டார் பம்பை டவுன்காரங்க பார்த்திருப்பீங்களான்னு தெரியலை. அடியில ஃபுட் வால்வு கசிஞ்சா பைப்புல நின்ன தண்ணி எறங்கிடும். அப்புறம் மோட்டார் எவ்வளவு சுத்தினாலும் தண்ணி ஏறாது. மேல ஒரு குடம் தண்ணி ஊத்தணும். அந்த ஒரு குடத்தைக் குடுத்தா அது ஆயிரம் குடம் குடுக்கும். ஆல்டர்னேட்டரும் அதே மாதிரிதான். உள்ள சுத்தற ரோட்டர்ல நிரந்தரக் காந்தம் கிடையாது. செம்புக் கம்பிச் சுருள்தான். அதுல கொஞ்சம் கரண்ட் போனாத்தான் காந்தமாகும். காந்தமானாத்தான் சுத்தி இருக்கிற ஸ்டேட்டர்ல கரண்ட் பொறக்கும். அந்த மொதல் ஒரு குடம் எங்கிருந்து வருதுன்னா, டேஷ்போர்டுல இருக்கிற செவப்பு சார்ஜிங் லைட் வழியாத்தான் வருது.

அந்தப் பழைய குண்டு பல்பு 2.2 வாட். 12 வோல்ட்டுக்குக் கணக்குப் போட்டா 0.18 ஆம்ப். ரோட்டரை எழுப்பி விட அது போதும். எல்இடி அதுல பத்துல ஒரு பங்கு கூட விடாது. அதுலயும் எல்இடிக்குத் திசை உண்டு. பிளஸ் மைனஸ் மாறிப் போட்டா சுத்தமா விடாது, எரியவும் எரியாது. மாப்ள வண்டியில நடந்தது அதுதான். செவப்பு லைட் எரியலை. எரியலைன்னா எல்லாம் நல்லாயிருக்குன்னு அவன் நினைச்சுட்டான்.

இப்ப ஆல்டர்னேட்டர் பின்னாடி இருக்கிற எழுத்துகளுக்கு வருவோம். அழுக்கைத் தொடைச்சுட்டு டார்ச் அடிச்சுப் பாருங்க. மொத்தமே நாலஞ்சு எழுத்துதான். இதைத் தெரிஞ்சுக்க இஞ்சினியரிங் படிக்க வேண்டியதில்லை.

பி பிளஸ்னு ஒரு தடிச்ச போல்ட் இருக்கும். சிலதுல வெறும் பி. பொறந்த கரண்ட் வெளிய வர்ற வாய்க்கால் அது. இங்கிருந்து ஒரு தடி ஒயர் பேட்டரி பிளஸ்சுக்கோ, செல்ஃப் மோட்டார் சுவிட்ச்ல பேட்டரி ஒயர் வர்ற போல்ட்டுக்கோ போகணும். சாவி இருந்தாலும் இல்லாட்டியும் அந்த போல்ட்டுல பேட்டரி கரண்ட் நின்னுட்டே இருக்கும். ஸ்பேனர் பாடியில பட்டா வெல்டிங் மாதிரி பொறி பறக்கும். அதனால கை வைக்கறதுக்கு முன்னாடி பேட்டரி எர்த்தைக் கழட்டிடுங்க. இன்னொண்ணு, டைனமோவுக்கு இருந்த பழைய ஒயர் 20 ஆம்ப்புக்குப் போட்டது. அதுல 45 ஆம்ப் போனா சூடாகி உருகும். புதுசா 10 சதுர மில்லிமீட்டர் ஒயர் இழுத்து, பேட்டரிப் பக்கம் ஒரு பெரிய ஃப்யூஸ் போடுங்க. பழைய ஜீப் மாதிரி டேஷ்போர்டுல ஆம்ப் மீட்டர் இருக்கிற வண்டின்னா, அத்தனை கரண்ட்டும் அந்தச் சின்ன மீட்டருக்குள்ள போய்த்தான் திரும்பும். வண்டி பத்திக்கிட்டு எரிய அது ஒண்ணு போதும்.

டி பிளஸ், இல்லைன்னா எல், இல்லைன்னா பழைய லூகாஸ் வகையில ஐஎன்டின்னு எழுதியிருக்கிறது நம்ம செவப்பு லைட்டுக்குப் போற சன்ன ஒயர். பிரிட்டிஷ் முறையில ஒயரிங் பண்ணின வண்டியில இது பழுப்புல மஞ்சள் கோடு போட்டிருக்கும். வெறும் பழுப்பு பேட்டரியோட நேர் கரண்ட், வெள்ளை சாவி வழியா வர்ற கரண்ட், கறுப்பு எர்த்.

ஐஜி இருந்தா அது சாவி வழியா வர்ற கரண்ட்டுக்கு. ஜப்பான் வழி வண்டிகளோட ஆல்டர்னேட்டர்ல பார்க்கலாம். இந்த வகையில ரெகுலேட்டரை எழுப்பறது ஐஜிதான். எல் சேதி சொல்றதோட சரி. ஆனா அந்த எல்-லயும் பல்பு இல்லாம நேரா 12 வோல்ட் குடுத்தா உள்ள ரெகுலேட்டர் கருகிடும்.

எஸ் இருந்தா அது பேட்டரியில எவ்வளவு வோல்ட் இருக்குதுன்னு எட்டிப் பார்க்கிற ஒயர். பேட்டரி பிளஸ்ல சேர்க்கணும். டபிள்யூ இருந்தா அது டீசல் வண்டியில எஞ்சின் சுத்து எண்ணற மீட்டருக்கு. பெட்ரோல் அம்பாசடருக்கு அது தேவையில்லை, விட்டுடுங்க. மைனஸ், இல்லைன்னா ஈ, எர்த். பெரும்பாலும் பாடி வழியாவே எர்த் ஆகிடும். ஆனா புதுசா பெயிண்ட் அடிச்ச வண்டியில பிராக்கெட்டுக்கு அடியிலயும் பெயிண்ட் இருக்கும். சுரண்டி விடுங்க.

இந்த எழுத்து எதுக்கும் முன்னாடி பார்க்க வேண்டியது ஒண்ணு இருக்குது. பேட்டரியோட எந்த முனை பாடியில சேர்ந்திருக்குது? அந்தக் கால பிரிட்டிஷ் வண்டிகள் பலதுல பிளஸ்தான் எர்த். அப்படியே இந்தக் கால ஆல்டர்னேட்டரைக் கோத்தா உள்ள இருக்கிற டையோடு அத்தனையும் அந்த நொடியே போயிடும். எங்க வண்டி மைனஸ் எர்த், தப்பிச்சுது.

இப்ப மறுநாள் காலையில நடந்ததைச் சொல்றேன். வண்டியை டவுன்ல ஒரு எலக்ட்ரீசியன்கிட்ட எடுத்துட்டுப் போனோம். பேர் வேண்டாம். கெட்டிக்காரர்தான். அஞ்சே நிமிசத்துல "எல்இடில கரண்ட் போகலைங்க"ன்னு கண்டுபிடிச்சுட்டார். அந்த எல்இடியைப் புடுங்கிட்டு, ஹோல்டர்ல இருந்த ரெண்டு ஒயரையும் ஒண்ணா முறுக்கி டேப் சுத்திட்டார். ஸ்டார்ட் பண்ணினா 14 வோல்ட். "பார்த்தீங்களா"ன்னார். நாங்களும் காசு குடுத்துட்டு வந்துட்டோம்.

வீட்டு வாசல்ல வந்து மாப்ள சாவியைத் திருப்பி எடுத்தான். சாவி கையில இருக்குது, வண்டி ஓடிட்டே இருக்குது!

"மாமா, என்னங்க இது?"ன்னு அவன் மொகம் வெளுத்துப் போச்சு. பசங்க கை தட்டிச் சிரிக்கறாங்க. எங்கம்மா திண்ணையில இருந்து, "உங்க அப்புச்சி எறங்க மனசில்லாம உக்காந்திருக்கார்டா"ங்கறாங்க. ரெண்டு நாள் கழிச்சு அவங்க வாய் தொறந்தது அப்பத்தான். கடைசியில நாலாவது கியரைப் போட்டு, பிரேக்கை மிதிச்சுட்டு, கிளட்ச்சை விட்டு எஞ்சினைத் திணற வச்சு நிறுத்தினோம்.

பேயும் இல்லை, அப்பாவும் இல்லை. சாவியை மூடினதும் பேட்டரியில இருந்து காயிலுக்குப் போற கரண்ட் நின்னுடும். ஆனா ஆல்டர்னேட்டர் இன்னும் சுத்திட்டு இருக்குது, டி பிளஸ்ல 14 வோல்ட் இருக்குது. நடுவுல பல்பு இருந்திருந்தா அந்த 0.18 ஆம்ப்புக்கு மேல திரும்பி வர விடாது, எஞ்சின் நின்னிருக்கும். பல்பு இல்லாம ஒயரை முறுக்கிட்டா கரண்ட் பின்னாடியே வந்து காயிலை ஓட்டும். எஞ்சின் ஆல்டர்னேட்டரைச் சுத்துது, ஆல்டர்னேட்டர் எஞ்சினை ஓட்டுது. அது மட்டுமில்லை, டி பிளஸ்சுக்குக் கரண்ட் குடுக்கிற சின்ன டையோடுகள் இந்தச் சுமைக்குப் பண்ணினதில்லை. கொஞ்ச நாள்ல அதுவும் போயிருக்கும்.

அன்னைக்கு சாயங்காலம் இருபது ரூபாய்க்கு ஒரு பழைய குண்டு பல்பு வாங்கிப் போட்டோம். சாவி போட்டா செவப்பா எரியுது, ஸ்டார்ட் பண்ணினா அணையுது, சாவியை எடுத்தா வண்டி நிக்குது. எல்இடிதான் வேணும்னு ஒத்தைக் கால்ல நிக்கறவங்க, அதைத் திசை பார்த்துப் போட்டு, கூடவே பக்கத்துல 68 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒண்ணு சேர்த்துக்கோங்க. பல்பு விடற கரண்ட்டை அது விடும்.

அந்த பல்பு ஏன் அணையுதுன்னு மாப்ள கேட்டான். ரெண்டு பாத்திக்கு நடுவுல மடை இருக்குதுன்னு வைங்க. ஒரு பாத்தியில தண்ணி நெறைய, இன்னொண்ணு காஞ்சு கெடந்தா மடையில தண்ணி ஓடும். ரெண்டுலயும் மட்டம் ஒண்ணாயிட்டா மடை தொறந்தே இருந்தாலும் ஓடாது. பல்புதான் அந்த மடை. ஒரு பக்கம் சாவி வழியா பேட்டரி, இன்னொரு பக்கம் டி பிளஸ். ஆல்டர்னேட்டர் முழிச்சுக்கிட்டா ரெண்டு பக்கமும் மட்டம் ஒண்ணாயிடும், பல்பு அணைஞ்சிடும்.

இதைப் புரிஞ்சுக்கிட்டா அந்த ஒரு பல்பே பாதி மெக்கானிக். சாவி போட்டும் எரியலையா? பல்பு ஃபியூஸ், இல்லை ஒயர் அறுந்திருக்கும், இல்லை ஆல்டர்னேட்டர் கார்பன் பிரஷ் தேஞ்சிருக்கும். வண்டி ஓடும்போது எரியுதா? ஃபேன் பெல்ட் அறுந்திருக்கும், இல்லை சார்ஜ் ஆகலை. ஓடும்போது மங்கலா மினுங்குதா? உள்ள டையோடு போயிருக்கலாம், இல்லை எங்கயோ ஒயர் இணைப்பு லூசு. கையில ஒரு மல்டிமீட்டர் இருந்தா இன்னும் நல்லது. வண்டி நிக்கும்போது பேட்டரியில 12.6 கிட்ட இருக்கணும், ஓடும்போது 13.8-ல இருந்து 14.4. ஓடும்போதும் 12-லயே நின்னா சார்ஜ் இல்லை. 15-ஐத் தாண்டினா ரெகுலேட்டர் போச்சு, பேட்டரி கொதிக்கும்.

எங்கப்பா ஒரு வித்தை பண்ணுவார். வண்டி ஓடும்போதே பேட்டரி முனையைக் கழட்டுவார். எஞ்சின் நிக்காம ஓடினா டைனமோ நல்லாயிருக்குன்னு அர்த்தம். ஊர்ல இன்னும் பல பேர் இப்படித்தான் பார்க்கறாங்க. ஆல்டர்னேட்டர் வண்டியில அதை மட்டும் பண்ணிடாதீங்க. பேட்டரிதான் அதுக்கு அணை. அணையை எடுத்துட்டா வோல்ட் எகிறி ரெகுலேட்டரும் டையோடும் காலி.

"இதெல்லாம் எலக்ட்ரீசியன் வேலை, எங்களுக்கு எதுக்கு?"ன்னு நீங்க கேக்கலாம். நியாயம்தான். வேலையை அவர்தான் பண்ணணும். ஆனா என்ன பண்ணினார்னு நமக்குத் தெரியணும். கோயமுத்தூர்ல ஆல்டர்னேட்டர் போட்டவர் ஒருத்தர், எல்இடி மாத்தினது மாப்ள, டவுன்ல ஒயரை முறுக்கினவர் இன்னொருத்தர். ஒருத்தர் பண்ணினது இன்னொருத்தருக்குத் தெரியாது. பழைய வண்டியோட ஒயரிங் புஸ்தகம் இப்ப இருக்கிற ஆல்டர்னேட்டருக்குப் பொருந்தாது, ஏன்னா அது வேற வண்டியோடது. எங்கயும் ஒரு துண்டுத் தாள்ல எழுதி வைக்கலை. எங்க போர் மோட்டாருக்குக் கேபிள் எறக்கினா, எந்தக் கலர் எங்க போகுதுன்னு ஸ்டார்ட்டர் பொட்டிக்குள்ள பென்சில்ல எழுதி வச்சுட்டுத்தான் எலக்ட்ரீசியன் போவார். நாலு லட்சம் செலவு பண்ணின காருக்கு அந்த ஒரு தாள் இல்லை.

சில பேர் சொல்றாங்க, ஒத்தை ஒயர் ஆல்டர்னேட்டர்னு ஒண்ணு இருக்குது, அதைப் போட்டா இந்தச் சன்ன ஒயரே வேண்டாம்னு. இருக்குதுதான். ஸ்டார்ட் பண்ணி ஒரு முறுக்கு முறுக்கினா அதுவா எழுந்துக்கும். ஆனா செவப்பு லைட் இருக்காது. பெல்ட் அறுந்தா ஹெட்லைட் மங்கினதுக்கப்புறம்தான் உங்களுக்குத் தெரியும். கவுந்தப்பாடி ரோட்டுல எங்கம்மாவுக்குத் தெரிஞ்ச மாதிரி. எனக்கு அதுல சம்மதமில்லைங்க.

இன்னொரு சங்கதியும் சொல்லிடறேன். இதைச் சொல்லாம விட்டா நான் எழுதினது அத்தனையும் ஊருக்கு உபதேசம்.

பொங்கலுக்கு முந்தின நாள் வண்டி வந்ததும் மாப்ள எனக்கு ஓட்டக் குடுத்தான். சாவி போட்டப்ப அந்தச் செவப்பு லைட் எரியலை. நான் பார்த்தேன். முப்பது வருசம் ஓட்டின வண்டி, அந்த லைட் எங்க இருக்கும்னு கண்ணைக் கட்டிக்கிட்டுக் காட்டுவேன். ஆனா டேஷ்போர்டு முழுக்கப் புதுசா, வெளிச்சமா இருந்தது. எல்லாம் மாத்தியிருக்கான், இதுவும் புது விதமா இருக்கும்னு நினைச்சு வாயை மூடிட்டேன். படிச்ச பையன்கிட்டப் போய் "ஏன் லைட் எரியலை"ன்னு கேட்டா பட்டிக்காட்டான்னு நினைச்சுக்குவானோன்னு ஒரு கூச்சம். அந்தக் கூச்சத்துக்கு அன்னைக்கு ராத்திரி வண்டியில இருந்த நாலு பேரும் விலை குடுத்திருப்பாங்க.

அதனால பழைய வண்டி எடுத்துச் சரி பண்றவங்களுக்கு நான் சொல்றது இதுதான். பெயிண்டுக்கு முன்னாடி ஒயரிங்கைப் பாருங்க. ஆல்டர்னேட்டர் பின்னாடி இருக்கிற எழுத்தை நீங்களே படிங்க. எந்த ஒயர் எங்க போகுதுன்னு ஒரு தாள்ல வரைஞ்சு டேஷ்போர்டு பொட்டிக்குள்ள வைங்க. அந்த வண்டியை முன்னாடி ஓட்டின பெரியவங்க உசுரோட இருந்தா ஒரு நாள் பக்கத்துல உக்கார வச்சு ஓட்டிக் காட்டி, "ஏதாச்சும் வித்தியாசமா இருக்குதுங்களா?"ன்னு கேளுங்க. கேட்டா சொல்லுவோம். கேக்காமப் போனா என்னை மாதிரி சும்மா இருந்திடுவோம்.

மாப்ள போன ஞாயித்துக்கிழமை ஃபோன் பண்ணினான். தாள்ல வரைஞ்சுட்டானாம், படம் எடுத்து அனுப்பியிருந்தான். பி பிளஸ், டி பிளஸ், பல்பு, சாவி, எல்லாம் கலர் பென்சில்ல. பழுப்பு மஞ்சள் ஒயருக்குப் பக்கத்துல மட்டும் சின்னதா எழுதியிருக்கான்: "எரியலைன்னா மாமாவைக் கேட்கவும்."

மஞ்சள் வெட்டுக் கதை அடுத்த வாரமுங்க.